துண்டு போட்ட திரை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூடிவிடுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ரயில். அவருடைய அக்கா வீட்டில் ஏழு நாள் இருப்பதாகத் திட்டம். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக லேப்டாப் இல்லாமல் ஒரு பயணம். சனிக்கிழமை காலையிலேயே மனுஷன் இரண்டு பெட்டிகளையும் கட்டி வாசல் பக்கத்தில் வைத்துவிட்டார். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவர். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியிலும் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டே பழகியவர். என் விஷயத்தில் மட்டும் அதை மிதிக்காமல் இத்தனை வருடம் பொறுத்திருந்தார்.

நான் மூட இருந்தது ஒரு மென்பொருளை. பெயர் தொணதொண. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். ஓபன் சோர்ஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள். கேட்டால் ஏதோ பெரிய கூட்டமே சேர்ந்து செய்வது போலத் தோன்றும். எங்கள் கூட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே நான் ஒருத்திதான்.

சித்தப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை போனபோது அவருக்காக எழுதியது. "வாயை மூடவே மாட்டேங்குதே, தொணதொணன்னு!" என்று அவர் திட்டியதே பெயராக நின்றுவிட்டது. மனுஷருக்கு மூக்கு மேல் கோபம். நான் புதிதாக எதைச் சேர்த்தாலும் வந்து உட்கார்ந்து, திரையின் மேல் தன் பச்சைத் துண்டைப் போட்டு மூடிவிடுவார். "இப்ப ஓட்டு பார்க்கலாம்" என்பார். நானும் அரை மணி நேரம் காதால் மட்டும் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் வெளியே விடலாம். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. அவர் போன பிறகும் துண்டு போடும் வழக்கத்தை விடாமல் வைத்திருந்தேன். போன வருடம்தான் விட்டேன். ஏன் என்று கேட்டால் பெரிய காரணமெல்லாம் இல்லை. அலுப்பு.

பகலில் பஸ் கம்பெனி ஒன்றில் நேர அட்டவணை போடுகிற வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று எட்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், தொணதொணவுக்கு வந்த புகார்கள் காத்திருக்கும். "வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்." எது வேலை செய்யவில்லை என்று சொல்லமாட்டார்கள். "மூன்று நாளாகப் பதில் இல்லை, இதுதான் உங்கள் பொறுப்புணர்ச்சியா?" என்னமோ நான் அவர்கள் வீட்டில் சம்பளத்துக்கு இருப்பது மாதிரி. நன்றி சொல்கிறவர்களும் உண்டு. நன்றி சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே இன்னும் நான்கு வசதி கேட்பார்கள். கழுத்து வலிக்கு டாக்டரிடம் போனால், "இந்த உட்காரும் வேலையைக் குறைங்க" என்றார். எந்த வேலையை என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு காவல்காரனைப் போட்டேன். ஆள் இல்லை, ஒரு சின்ன நிரல்தான். ஒரு புகார் வந்து இருபது நாள் ஆகிவிட்டால், 'இந்தப் பிரச்சினை இன்னும் இருக்கிறதா? இருந்தால் எங்கள் பக்கத்துக்கு வந்து கட்டத்தில் டிக் செய்யவும். இந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள்' என்று அது கடிதம் அனுப்பும். பத்து நாளில் டிக் விழாவிட்டால், 'தொணதொணவைப் பயன்படுத்துவதற்கு நன்றி' என்று சொல்லிப் புகாரை மூடிவிடும். இந்தத் துறையில் பலரும் செய்வதுதான். ஏழே மாதத்தில் புகார்கள் இருநூற்றிலிருந்து முப்பதாக இறங்கின. பரவாயில்லையே, நாம் எழுதியது ஒருவழியாகத் தேறிவிட்டது என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை விடைபெறும் அறிவிப்பைத் தயாராக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல எழுத்தில், ஓரத்தில் பூக்கோடு எல்லாம் போட்டு, சித்தப்பாவுக்கும் ஒரு வரி நன்றி சொல்லி அழகாகவே செய்திருந்தேன். பத்து மணிக்குப் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"வணக்கம் மேடம். தொணதொண எழுதினவங்களா?" ஆண் குரல். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, துடைத்து வைத்தது போல வந்தது.

"ஆமா. இந்த நம்பர் எப்படிக் கிடைச்சுது உங்களுக்கு?"

"நான் ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆபரேட்டர் மேடம். நம்பர் கண்டுபிடிக்கிறதுதானே என் வேலை. தொணதொணவுல உங்களைப் பத்தின பக்கத்துல பஸ் கம்பெனி பேர் இருந்துச்சு, அங்க மூணு பேர்கிட்ட பேசினேன். மூணாவது ஆளு கொஞ்சம் இளகின மனசு."

எனக்குக் கோபம் வந்தது. வீடு வரைக்கும் வந்துவிட்டார்களா? "புகார் இருந்தா அதுக்குன்னு ஒரு பக்கம் இருக்கே. அதுல எழுதலாமே" என்றேன், வேண்டுமென்றே கொஞ்சம் விறைப்பாக.

"எழுதினேன் மேடம். மூணு தடவை. மூணு தடவையும் நன்றி சொல்லி மூடிட்டீங்க."

விஷயத்தைச் சொன்னார். பிறவியிலேயே பார்வை கிடையாது. பதினாறு வருட சர்வீஸ். ஆஸ்பத்திரியின் எல்லாப் பிரிவுகளின் நம்பர்களும் திரையில் ஒரு பட்டியலாக இருக்கும். தொணதொண படிக்கும், இவர் இணைப்பார். மூன்று மாதத்துக்கு முன் நான் விட்ட புதுப் பதிப்பிலிருந்து அது பிரிவின் பெயரைப் படிக்கிறது, பக்கத்தில் உள்ள நம்பரை விழுங்கிவிடுகிறது.

"அப்ப மூணு மாசமா எப்படிச் சமாளிச்சீங்க?"

"மனப்பாடம்தான். அறுநூத்திப் பன்னெண்டு நம்பர். அதைப் பத்திப் பிரச்சினை இல்லை மேடம். திங்கட்கிழமை புதுக் கட்டடத்துக்கு மாறுறோம். எல்லா நம்பரும் மாறுது. திங்கட்கிழமையிலிருந்து என் சீட்ல வேற ஒருத்தரை உட்கார வைக்கிறாங்க. எனக்குச் சம்பளம் உண்டாம், பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றாங்களாம். சும்மா உட்கார்ந்திருங்கன்னு ரொம்ப மரியாதையாச் சொல்லிட்டாங்க."

நான் அவர் புகாரைத் தேடி எடுத்தேன். காவல்காரன் மூடியது. எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. "கட்டத்தில டிக் பண்ணியிருந்தா திறந்தே இருந்திருக்குமே" என்றேன்.

"எந்தக் கட்டம் மேடம்?"

"அந்தப் பக்கத்துக்கு அடியில, சின்னதா..."

அந்தக் கட்டத்தை ஒரு ஞாயிறு மதியம் அவசரத்தில் வரைந்து வைத்தது நான்தான். அதற்கு ஒரு பெயர் கொடுத்தால்தான் தொணதொண படிக்கும். கொடுக்கவில்லை. கண்ணால் பார்த்தேன், கட்டம் தெரிந்தது, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன். பார்வையில்லாதவர்களுக்கான மென்பொருளில் குறை சொல்ல வருகிறவர்களிடம், கண் தெரிந்தால் மட்டும் குறை சொல் என்று ஏழு மாதமாகக் காவல்காரனை நிறுத்தியிருக்கிறேன். இந்த முட்டாள்தனத்தைச் செய்ய என்னை விட்டால் வேறு ஆள் கிடைக்காது.

"பக்கத்துல யாரையாவது கூப்பிட்டு டிக் பண்ணச் சொல்லியிருக்கலாமே" என்றேன். விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"யாரையும் கூப்பிடாம இருக்கணும்னுதானே மேடம் தொணதொணவை வெச்சிருக்கேன்."

காவல்காரன் மூடியவற்றை எண்ணிப் பார்த்தேன். நூற்றெழுபத்தொன்று. புகார்கள் குறைந்தன என்று நான் முதுகைத் தட்டிக்கொண்டதெல்லாம் இவர்கள்தான். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, நான் வீட்டில் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போனவர்கள். வெட்கத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. இப்படிச் செய்கிறவள் இல்லை நான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேன்" என்றேன். "இன்னைக்கு உங்க பிரச்சினையைச் சரிபண்ணித் தந்துடறேன். ஆனா நாளைக்கு இதை மூடப் போறேன். என்னால முடியலைங்க. தனி ஆளா பதினொரு வருஷம் ஆச்சு."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடும் ஒலிபெருக்கி கேட்டது.

"மூடுங்க மேடம்" என்றார். "முடியலைன்னா என்ன பண்றது. ஒரே ஒரு உதவி. மூடிட்டோம்னு போடுவீங்க இல்ல, அந்த அறிவிப்பையாவது எங்களுக்குப் படிக்கிற மாதிரி போடுங்க."

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் "சரி, ஒரு மணிக்குத் திரும்பக் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்தேன்.

நம்பரை விழுங்கும் கோளாறைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பட்டியலில் எண்களையெல்லாம் படித்து உயிரை வாங்குகிறது என்று யாரோ ஒருவர் எழுதியிருந்தார். அவர் வாயை அடைக்க நான் சேர்த்த மூன்று வரிதான் காரணம். துண்டைப் போட்டுப் பார்த்திருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

துண்டு எங்கே? அலமாரியில் இல்லை. பெட்டிக்கு அடியில் இல்லை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே, ஒழுகும் குழாய்க்கு முட்டுக்கொடுத்துச் சுருண்டு கிடந்தது. பிழிந்து, ஜன்னலில் போட்டு, பாதி ஈரத்தோடே கொண்டுவந்து திரையின் மேல் போர்த்தினேன்.

வீட்டுக்காரர் டீயோடு வந்து நின்றார். துண்டைப் பார்த்தார். "ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

"ஒருத்தருக்காக மட்டும். நாளைக்கு மூடிடறேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"உங்க மூஞ்சி சொல்லுதே."

காதை மட்டும் வைத்துக்கொண்டு பட்டியல் ஒன்றை ஓட்டினேன். பெயர், நம்பர், பெயர், நம்பர். சரியாகப் படித்தது. கட்டத்துக்குப் பெயர் வைத்தேன், அதையும் படித்தது. புதுப் பதிப்பை வெளியே விட்டேன். பிறகு ஆபரேட்டர் கேட்டது ஞாபகம் வந்து, மறுநாளைக்கென்று வைத்திருந்த என் விடைபெறும் அறிவிப்பைத் திறந்தேன். பதினொரு வருடக் கதை. சித்தப்பாவுக்கு நன்றி. என்னை மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வரி. அதை எழுதும்போது கண் கலங்கியிருந்தேன்.

தொணதொண ஒரே ஒரு சொல் சொன்னது.

"படம்."

மறுபடியும் தட்டினேன். "படம்" என்றது. பூக்கோடு அழகாக வரவேண்டும் என்று மொத்த அறிவிப்பையும் படமாகச் செய்திருந்தேன். யாருக்காக எழுதினேனோ அவர்களில் ஒருவருக்குக்கூட ஒரு எழுத்தும் கேட்டிருக்காது. நாளை வந்து தட்டிப் பார்ப்பார்கள், படம் என்று கேட்கும், ஏதோ படம் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாளும் வந்து தட்டுவார்கள்.

சிரிப்புதான் முதலில் வந்தது. அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் டீயை மேசையில் வைத்துவிட்டு, ஈரத் துண்டின் நுனியாலேயே என் முகத்தைத் துடைத்தார். "ஊருக்குப் போறோமா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றார்.

"போறோம். லேப்டாப்பும் வராது."

"அப்ப மூடறது?"

"ஒழுங்கா மூடக்கூடத் தெரியலைங்க எனக்கு."

ஒரு மணிக்கு ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். அவர் புதுப் பதிப்பைப் போட்டு, புதுக் கட்டடத்துப் பட்டியலை ஓட்டினார். போனுக்குள் தொணதொணவின் குரல் கேட்டது: எலும்புப் பிரிவு, நான்கு ஒன்று ஏழு இரண்டு. குழந்தைகள் பிரிவு, நான்கு ஒன்று எட்டு பூஜ்யம். அவர் பத்துப் பன்னிரண்டு பிரிவுகள் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் வைக்கவில்லை.

காவல்காரனை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். நூற்றெழுபத்தொரு புகாரையும் திறந்துவிட்டேன், ஆனால் ஒரு வாரம் ஊரில் இருக்கமாட்டேன், யாருக்கும் பதில் போகாது என்றும் சொன்னேன்.

"பதில் நான் சொல்லவா மேடம்?" என்றார். "கோட் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா கூப்பிடறவங்ககிட்ட என்ன வேணும்னு கேட்டு, இருங்க, சொல்றேன்னு சொல்லத் தெரியும். பதினாறு வருஷமா அதைத்தானே பண்றேன்."

இத்தனை வருடத்தில் தொணதொணவைப் பயன்படுத்துகிறவர்களில் யாரிடமாவது இப்படி ஒரு உதவி கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். எல்லோரும் என் தலையில்தான் கட்டுகிறார்கள் என்று புலம்பத் தெரிந்ததே தவிர, இறக்கி வைக்க ஒருநாளும் இடம் தேடவில்லை. புகார்ப் பக்கத்தின் சாவியை, அதாவது பாஸ்வேர்டை, அவரிடம் கொடுத்தேன். அறிவிப்பை அழித்துப் போட்டுவிட்டு இரண்டே வரி எழுதினேன்: ஒரு வாரம் இருக்கமாட்டேன். அதுவரை ஆபரேட்டர் எடுப்பார். அவ்வளவுதான். பூக்கோடு இல்லை.

நாத்தனார் வீட்டில் முதல் மூன்று நாள் வெறும் தூக்கம். மீதி நான்கு நாளும் கழுத்து வலித்துக்கொண்டுதான் இருந்தது. தொணதொணவை நினைத்தால் இன்னும் அலுப்பாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் தீர்கிற அலுப்பா அது?

திரும்பி வந்து திறந்தபோது, ஒவ்வொரு புகாருக்குக் கீழேயும் இரண்டு மூன்று வரிகள் இருந்தன. யார், எந்த வேலைக்குப் பயன்படுத்துகிறார், எப்போதிலிருந்து கோளாறு, எது அவசரம், எது பொறுக்கும். நாற்பது பேர் எழுதிய ஒரே கோளாறை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார். ஐம்பத்து மூன்று பேருக்கு விளக்கம் மட்டுமே போதுமாயிருந்தது, சொல்லி அனுப்பிவிட்டார். இன்னும் பல ஏற்கெனவே தீர்ந்துபோனவை, கேட்டு உறுதிசெய்து மூடியிருந்தார். எனக்கென்று மிஞ்சியவை பத்தொன்பது.

எல்லாவற்றுக்கும் மேலே, புதிதாக ஒன்று அவர் பெயரிலேயே இருந்தது. 'இது என்னுடையது. ஸ்டூலிலிருந்து இல்லை, என் சீட்டிலிருந்தே எழுதுகிறேன். தொணதொணவை மூடப்போகிறீர்களா? மற்றவர்களுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. இருங்கள் என்று எனக்கே சொல்லி வைத்திருக்கிறேன்.'

பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. நின்றுகொண்டே, 'இப்போது இல்லை' என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் துண்டை எடுத்துப் போர்த்திவிட்டு ஒரு முறை கேட்டேன். சரியாகத்தான் படித்தது.