பென்டியம் பெட்டியில் பீச் வண்டி

சாலமோன் பேச்சை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊமையாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். "சாப்பாடு போதும்", "கதவைச் சாத்து", "மழை வரும் போல" என்று இரண்டு மூன்று வார்த்தை அவ்வப்போது விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஞானஜோதி கட்டிக்கொண்ட மனுஷன் அவர் இல்லை. அந்த மனுஷன் டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். இன்றைக்குக் கிண்டியில் ஒரு கல்யாணக் கோஷ்டி சீர்வரிசைத் தட்டோடு ஏறியது, பழவந்தாங்கலில் ஒரு எருமை தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிஷம் நகர மாட்டேன் என்றது. "ஐயோ, வாய மூடிக்கிட்டு சாப்பிடுங்களேன்" என்று இருபத்து நாலு வருஷமாகக் கத்தியவள் ஞானஜோதிதான். இப்போது அந்த வாய் மூடிக்கொண்டபோது அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். சாலமோன் சென்னையில் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரயில் ஓட்டுகிறவர். ஆகஸ்ட் மாதம் கண் பரிசோதனையில் ஓரப் பார்வை குறைந்திருப்பது தெரிந்தது. டாக்டர் நல்ல மனுஷர், பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார். சொட்டு மருந்து விட்டுக்கொண்டால் இருக்கிற பார்வை போகாது, ஆனால் இனி வண்டி ஓட்ட முடியாது. ஷெட்டில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். சம்பளத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் ஊரப்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குக் கேட்கிற தூரத்தில்தான் தண்டவாளம். வண்டிச் சத்தம் வந்தால் சாலமோன் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு வருவார். ஞானஜோதி ஜெபத்தில் வேறு எதுவும் கேட்பதில்லை. ஆண்டவரே, இந்த ஆளைப் பேச வை. அவ்வளவுதான்.

புனேவில் வேலைக்குப் போயிருந்த மகன் எலியேசர் நவம்பரில் போன் செய்தான். "அம்மா, ரயில் ஓட்டற கம்ப்யூட்டர் கேம் ஒண்ணு இருக்கு. என் ரூம்ல இருக்கற பசங்க ரயில் பைத்தியம். தாம்பரம் பீச் லைன அப்படியே அதுல செஞ்சு வச்சிருக்கானுங்க. ஸ்டேஷன் போர்டு கூட மஞ்சள்ள இருக்கும்மா."

"அப்போ அனுப்புடா!"

"அனுப்பறேன். ஆனா நம்ம வீட்டு டப்பால ஓடாதே."

டப்பா என்று அவன் சொன்னது, காலேஜில் படிக்கும்போது ராப்பகலாகக் கேம் விளையாடி அவனே தேய்த்துவிட்டுப் போன பென்டியம் த்ரீ கம்ப்யூட்டர். ஞானஜோதி அதன்மேல் பூப்போட்ட துணி போட்டு, ஜாக்கெட் தைக்க வருகிற துணிகளை அடுக்கி வைத்திருந்தாள். கிறிஸ்துமஸ் புடவைக்கென்று அவள் ஒதுக்கிய ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இருந்தது. புடவை எங்கே ஓடிப்போகும்? அடுத்த வருஷமும் கிறிஸ்துமஸ் வரும்.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட் பக்கம் மாடியில் இருந்த மொஹ்சின் கடைக்குப் போனாள். மொஹ்சின் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன், முப்பது வயது இருக்கும். பெட்டியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, இதுக்கு நீங்க புதுசே வாங்கிடலாம். பதினெட்டாயிரத்துல முடிச்சுத் தரேன்."

"என்கிட்ட ஆயிரத்து ஐந்நூறு இருக்குப்பா. ஆட்டோவுக்குக் கொடுத்தது போக ஆயிரத்து நானூறு."

சிரிப்பு நின்றது. யாருக்கு, என்ன விளையாட, என்று கேட்டான். அவள் மறைக்காமல் சொன்னாள். ஒரு ரிப்பேர்க் கடைக்காரனிடம் வீட்டுக் கதையை ஏன் கொட்டுகிறோம் என்று பாதியில் வெட்கம் வந்தது, ஆனாலும் முழுக்கச் சொல்லி முடித்தாள். மொஹ்சின் மறுபடியும் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"மெமரி கூட்டணும், படம் நல்லா ஓட கிராபிக்ஸ் கார்டு போடணும். ரெண்டுமே இந்த மாடல் இப்ப வர்றதில்ல. கடையில தேடினா புதுசை விட விலை சொல்லுவான். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய்ப் பாருங்க. ஏமாந்துடாதீங்க, பாதிப் பேருக்கு என்ன விக்கறோம்னே தெரியாது."

ஏமாறவா? இருபது வருஷம் தையல்காரியாக இருந்தவளை ஏமாற்றுவதா? புடவையைக் கையோடு கொண்டுபோய்த்தானே அதற்கேற்ற ஜாக்கெட் துணி எடுக்கிறோம்! ஞானஜோதி பெட்டியிலிருந்த பழைய மெமரியைக் கழற்றித் தரச் சொன்னாள். கிராபிக்ஸ் கார்டுக்கு மாதிரியாக மொஹ்சின் ஒரு செத்த கார்டைக் கொடுத்தான். இரண்டையும் கைக்குட்டையில் சுற்றி மணிபர்ஸுக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் இறங்கினாள்.

ரோஜாச் செடிக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவே குப்புராஜ் என்பவன் தார்ப்பாய் விரித்திருந்தான். அதில் ரிமோட்டுகள், மிக்ஸி மோட்டார், உடைந்த கீபோர்டு, ஒரு கூடை நிறைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பச்சைப் பலகைகள். ஞானஜோதி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மெமரியின்மேல் வைத்து அளந்தாள். அவளுடையதில் கீழே இரண்டு வெட்டு. கூடையில் இருந்ததில் முக்கால்வாசி ஒரு வெட்டு.

"இன்னா யக்கா, வெண்டிக்கா பொறுக்கற மாதிரி பொறுக்கிகினு கீற?" என்றான் குப்புராஜ். "எல்லாம் ஒரே ஐட்டம்தான், எத்துகினு போ."

"ஒரே ஐட்டமா? இதுல வெட்டு ஒண்ணு, இதுல ரெண்டு. கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

குப்புராஜ் இரண்டையும் வாங்கிப் பார்த்தான். நிஜமாகவே அவனுக்கு அது அன்றுவரை தெரியாது. "அட ஆமா! அதான் போன வாரம் வாங்கினவன் திரும்பி வந்து பேஜார் பண்ணானா?" என்று சொல்லி, கூடையை அப்படியே கவிழ்த்துக் கொட்டி, அவனும் சேர்ந்து தேட ஆரம்பித்தான். அரை மணி நேரத்தில் இரண்டு வெட்டு மெமரி இரண்டு கிடைத்தன. மாதிரிக்குக் கொண்டுவந்ததைப் போலவே கொக்கி வைத்த கிராபிக்ஸ் கார்டும் ஒன்று கிடைத்தது, அதன் விசிறிதான் சுற்றவில்லை. அவன் ஆயிரம் சொல்ல, அவள் ஐந்நூறு சொல்ல, எழுநூற்றில் முடிந்தது. "ஓடலன்னா வர்ற வெள்ளிக்கெழமை எத்தாந்து என் மூஞ்சிமேல விட்டெறி, துட்டத் தரேன்" என்றான்.

மொஹ்சின் கார்டின் தங்கப் பற்களை ரப்பர் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்தான். விசிறிக்குத்தான் என்ன செய்வதென்று முழித்தான். ஞானஜோதி பையிலிருந்து தையல் மிஷின் எண்ணெயை எடுத்து, நடுவில் இரண்டு சொட்டு விட்டு, விரலால் சுண்டினாள். விசிறி சிணுங்கிக்கொண்டே சுற்றியது. "அக்கா, நீங்க கடைக்கு வேலைக்கு வந்துடுங்க" என்றான் மொஹ்சின்.

எலியேசர் கூரியரில் அனுப்பிய சிடியையும் அவனே ஏற்றிக் கொடுத்தான். கூலி எவ்வளவு என்றதற்கு வேண்டாமென்று கையை ஆட்டினான். "பதினஞ்சு வருஷமா அந்த வண்டியிலதான் போய் வந்துகிட்டிருக்கேன் அக்கா. யார் ஓட்டறாங்கன்னு ஒரு நாள் திரும்பிப் பாத்ததில்ல. சாரை இதை வாங்கிக்கச் சொல்லுங்க." "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டு, ஞானஜோதி படி இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அடுப்பில் குழம்பை ஏற்றிவிட்டு, "கொஞ்சம் இங்க வந்து உக்காருங்களேன்" என்றாள். சாலமோன் வந்தார். திரையில் தாம்பரம் ஸ்டேஷன். நேர் எதிரே தண்டவாளம், ஓட்டுநர் ஜன்னலிலிருந்து பார்ப்பது போலவே.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குழந்தைக்குக் கொடுக்கிற பொம்மையா எனக்கு என்று எழுந்து போய்விட்டால்? ஆனால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எந்த விசையை அழுத்தினால் வண்டி நகரும், எதை அழுத்தினால் நிற்கும் என்று எலியேசர் எழுதி அனுப்பியிருந்த தாளை மூக்குக்குக் கிட்டே வைத்துப் படித்தார். இரண்டு விரலை விசையின்மேல் வைத்தார்.

சிக்னல் பச்சையானது. வண்டி நகரவில்லை.

ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. சாலமோன் அசையாமல் உட்கார்ந்திருந்தார், வண்டியும் அசையாமல் நின்றது. போச்சு, எல்லாம் போச்சு! எழுநூறு ரூபாய், எண்ணெய், ஜெபம், எல்லாம் வீண். ஞானஜோதி ஓடிப்போய் மொஹ்சினுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, படம் அப்படியே நின்னு போச்சு!"

"கீழ மூலையில கடிகாரம் ஓடுதா பாருங்கக்கா."

"ஓடுது."

"அப்ப மிஷின் நல்லா இருக்கு. சாரைத்தான் கேக்கணும்."

அவள் போனை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "என்னங்க, எடுக்கலையா?"

"பட்டாபிராமன் இன்னும் பெல் கொடுக்கலையே" என்றார் சாலமோன்.

பட்டாபிராமன் அவரோடு பல வருஷம் வண்டியில் கார்டாக இருந்தவர், கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்பவர். ஓய்வு பெற்று ஊருக்கே போய்விட்டார். இந்த மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

சாலமோன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன் அப்படிப் பாக்கற? பைத்தியம்னு நெனச்சியா? பச்சை விழுந்தா மட்டும் போதுமா? எனக்கு முன்னாடி இருக்கறதுதான் தெரியும். பின்னாடி எவன் ஓடி வர்றான், எவ ஒரு கால உள்ளயும் ஒரு கால வெளியவும் வச்சுக்கிட்டு நிக்கறா, எனக்கு எப்படித் தெரியும்? கடைசிப் பெட்டியில ஒருத்தர் எட்டிப் பாத்து, எல்லாரும் ஏறிட்டாங்கன்னு ரெண்டு பெல் கொடுக்கணும். நான் ரெண்டு பெல் திருப்பிக் கொடுப்பேன். அதுக்கப்புறம்தான் வண்டி. இருபத்து நாலு வருஷத்துல ஒரு நாள், ஒரு தடவை, பெல் இல்லாம எடுத்ததில்ல. பசங்க எல்லாத்தையும் செஞ்சு, இதைக் கோட்டை விட்டுட்டானுங்க."

மூன்று மாதத்தில் அவர் பேசிய பேச்செல்லாம் சேர்த்தால்கூட இவ்வளவு வராது. ஞானஜோதி சமையலறைக்கு ஓடினாள். ஒரு எவர்சில்வர் மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். டங், டங்.

சாலமோன் திரும்பவில்லை. விரல் முட்டியால் மேஜையில் இரண்டு முறை தட்டினார். வண்டி நகர்ந்தது.

சானடோரியத்தில் நிறுத்தினார். தன் வேலை முடிந்தது என்று அவள் குழம்பைப் பார்க்கப் போனாள். "ஜோதி! எங்க போற? பெல்லு!" என்று சத்தம் வந்தது. திரும்பி ஓடி வந்தாள். குரோம்பேட்டைக்குள் நுழையும்போது அவர் ஆரம்பித்துவிட்டார். "இங்கதான் ஜோதி, ஒரு தடவை ஒருத்தன் ஆட்டுக்குட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு..." குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. பிடிக்கட்டும், சனியன். அவள் நகரவில்லை. இரண்டு வெட்டு எது, ஒரு வெட்டு எது என்று தெரியாத குப்புராஜும், கூலி வாங்காத மொஹ்சினும், மகனோடு இருக்கிற முகம் தெரியாத ரயில் பைத்தியங்களும் நூறு வயசு நன்றாக இருக்கட்டும். ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு திரை கலங்கியது.

"பல்லாவரம் வந்து நின்னாச்சு" என்றார் சாலமோன். "பின்னாடி பாரு. எல்லாரும் ஏறிட்டாங்களா?"

ஞானஜோதி திரும்பிப் பார்த்தாள். தையல் மிஷின், கொடியில் ஈரத்துணி, ஆள் இல்லாத வாசல்.

"இருங்க" என்றாள். "ஒரு பொம்பள கைக்குழந்தையோட ஓடி வர்றா."

"பதறாம ஏறச் சொல்லு" என்றார் சாலமோன். விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அவள் தட்டுகிறவரை பொறுமையாகக் காத்திருந்தார்.