ஹார்விச்சை விசாரித்தவர்

மாப்பிள்ளையின் அப்பா திருமூர்த்தி ஐபேடைத் தண்ணீர் ஜாடியின்மீது சாய்த்து நிறுத்தினார். "நம்ம பக்கத்துல ஊரை விசாரிக்காம பொண்ணு எடுக்கமாட்டோமுங்க. யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்ப முடியுமா? அதான், நீங்க வேலை பார்த்த ஹார்விச்சை விசாரிச்சுட்டேன். மூணு வாரமா ரிட்டயர் ஆனவனுக்கு இதே வேலை."

வதனி பருப்புக்கறியை மேசையில் வைத்தாள். ஆறு மாதத்துக்கு முன் ரஞ்சித்குமார் வீடியோ காலில் தன் அம்மாவை அறிமுகப்படுத்தியபோது தனபாக்கியம் கேட்ட முதல் கேள்வி, "அப்பா அகதியா வந்தவராம்மா?" என்பதுதான். சேச்சே என்று வதனி சிரித்தாள். அப்பா இங்கிலாந்தில் ஹார்விச் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், பிறகு அமெரிக்காவில் இந்த மில்பிடாஸுக்கு வந்துவிட்டார் என்றாள். பக்கத்தில் இருந்த ரஞ்சித்துக்கும் அன்றிலிருந்து அதுவே உண்மையாகிவிட்டது. சுவரில் சாட்சியாக ஒரு படமும் இருந்தது. இருபத்து நான்கு வயதில் அப்பா அரியரட்ணம், கோட்டு, பின்னால் சாம்பல் நிறக் கடல். அவரை அடைத்து வைத்திருந்த கப்பலிலிருந்து வெளியே விட்ட வாரம் ஒரு தேவாலயத்தில் கொடுத்த கோட்டு அது. தோள் இரண்டும் பெரிதாக இருக்கும்.

நேற்று அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தாள். "அவை கேட்டா போர்ட்ல கிளார்க் எண்டு சொல்லுங்கோ. அது காணும்." இருபத்திரண்டு வருடம் பெட்ரோல் பங்க் கவுண்டரில் நின்று, கேட்டதை எடுத்துக் கொடுத்துப் பழகியவர் அவர். "ஓம் பிள்ளை" என்றார். கொஞ்சம் கழித்து, "கப்பல்ல அடைச்சு வச்சது என்ர குற்றமே?" என்றார். வதனி கடலையைக் கழுவி ஊறப்போட்டாள்.

திருமூர்த்தி ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். "அமெரிக்காவுக்குக் குடியேறப் போனாங்களே, அந்த மேஃப்ளவர் கப்பலோட கேப்டன் இந்த ஊர்க்காரருங்க. அமெரிக்காவே இங்கிருந்துதான் கிளம்பியிருக்குன்னு வையுங்க. ரெண்டு கலங்கரை விளக்கம். மனுசன் உள்ள நடந்து சுத்தற மரச் சக்கரத்துல ஒரு கிரேன். ஹிட்லர் காலத்துல ஆயிரக்கணக்குல யூதக் குழந்தைங்க வந்து இறங்கினதும் இங்கதான். தங்கமான ஊருங்க."

அரியரட்ணம் தலையாட்டியபடி சாப்பிட்டார். வலது கை சோற்றில், இடது கை மேசை விளிம்பில். எப்போதும் அப்படித்தான். சின்ன வயதில் வதனி ஏன் என்று கேட்டதற்கு, "தட்டு வழுக்கும்" என்று சொல்லியிருந்தார்.

"எம்பத்தேழுல ஒரு கூத்து நடந்திருக்கே. உங்க டைம்தானுங்களே? பழைய கார் ஃபெரி ஒண்ணுல உங்க ஆளுங்களை அடைச்சு வச்சிருந்தாங்களாம். அகதின்னு சொல்லிட்டு வந்தவங்க. அக்டோபர்ல புயலடிச்சுக் கயிறு அறுந்து, கப்பல் தானா கிளம்பிருச்சாம்! இங்க இப்ப டிரைவர் இல்லாத கார் ஓடுதே, அந்த மாதிரி!"

தனபாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரஞ்சித்தும் சிரித்தான். "செம காமெடிப்பா."

"நீங்க பார்த்தீங்களா?" என்று திருமூர்த்தி கேட்டார்.

அரியரட்ணம் மகளைப் பார்த்தார். உண்மையைச் சொல்வதற்கு அந்த இடம் இருந்தது. வதனி ரஞ்சித்தின் சிரிப்பைப் பார்த்தாள். நான்கு வருடக் காதல்.

"அப்பா கரையில நின்னு பார்த்தார், அங்கிள்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சொல்லுங்கோப்பா."

"ஓம். கரையில நிண்டனான்" என்றார் அரியரட்ணம். "பெரிய காத்து. உள்ளுக்க இருந்த பெடியள் மேசையளைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவங்கள். மேசையை நிலத்தோட சேர்த்துப் பூட்டியிருந்தது. பிடிக்க வேற ஒண்டும் இல்லை. ஒருத்தன் அம்மா அம்மா எண்டு கத்தினவன். விடிய, கப்பல் மண்ணில தட்டி நிண்டிட்டுது."

"கரையில நின்னவருக்கு உள்ள மேசை பூட்டியிருந்தது எப்படித் தெரியும்?" தனபாக்கியம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அவங்க பிறகு வந்து சொன்னாங்க ஆன்ட்டி. அப்பாதான் அவங்களுக்குச் சாப்பாடெல்லாம் வாங்கிக் குடுத்தார்." வதனிக்குத் தன் குரல் சரளமாக வந்தது ஆச்சரியமாக இருந்தது.

"பெரிய மனசுங்க" என்றார் திருமூர்த்தி.

"மனசெல்லாம் சரி" என்றார் தனபாக்கியம். " அந்த மாதிரி ஆளுங்களுக்கு ஒருவாட்டி சோறு போட்டா, நாளைக்குச் சொந்தம்னு வந்து நிப்பாங்க. கல்யாணத்துக்கு யாரும் வருவாங்களா?"

அரியரட்ணம் வாயிலிருந்ததை மென்று முடித்தார். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் டொராண்டோவிலிருந்து ஒருவர் அழைப்பார்; இருவரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அம்மா அம்மா என்று கத்தியவர் அவர்தான்.

"இல்லை" என்றார். "எனக்கு அவங்கள் ஒருத்தரையும் தெரியாது."

"அப்ப விசாரிப்பு முடிஞ்சுதுங்க." திருமூர்த்தி ஐபேடை மூடினார். "தை மாசமே வச்சுக்கலாம். தனம், ரசம் ஊத்து சம்பந்திக்கு."

தனபாக்கியம் ரசக் கிண்ணத்தோடு எழுந்தார். அவர் பார்வை மேசை விளிம்புக்கு வந்து நின்றது. அங்கே அரியரட்ணத்தின் இடது கை இருந்தது, நகங்கள் வெளுத்திருந்தன. வதனி புன்னகையை மாற்றாமல் தன் கையை அதன்மேல் வைத்தாள். சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். கடைசியில் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் இழுத்தது. கையை அவர் மடியில் இறக்கிவிட்டாள்.

"ஸோ ஸ்வீட்" என்றான் ரஞ்சித்.

தட்டில் ரசம் அசையாமல் நின்றது. மேசைக்குக் கீழே அந்தக் கை நாற்காலியின் விளிம்பைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது.