அமாவாசைத் தவணை

சின்ன காஞ்சிபுரத்துக் கிளை நூலகத்துக்கு வந்த முதல் வருஷமே நூலகர் திருஞானசம்பந்தம் ஒன்றைக் கவனித்தார். நெசவாளிகள் அமாவாசையன்று மட்டும்தான் வருகிறார்கள். அன்றுதான் தறி ஓடாது. எடுத்த புத்தகத்தைப் பதினான்கு நாளில் திருப்ப வேண்டும் என்பது விதி. பதினான்காம் நாள் அவர்கள் தறிக்குழிக்குள் இருப்பார்கள். தாமதமாக வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வெட்கப்பட்டு, ஒவ்வொருவராக வராமலே நின்றுபோனார்கள்.

வாசகனின் வசதிக்கு ஏற்பவே நூலகத்தின் விதி இருக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் எழுதிக்கொண்டது அவருக்கு நினைவுக்கு வந்தது. யாரையும் கேட்கவில்லை. தேதி முத்திரையைத் திருகி, தவணையை அடுத்த அமாவாசைக்கு வைத்தார். யார் யார் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தும் வந்தார். நாலு வருஷத்தில் ஏழு பேர் நூற்று நாற்பது பேரானார்கள்.

அந்தக் கணக்கை வைத்துப் பதினோரு பக்கக் கட்டுரை எழுதி, சென்னையிலிருந்து வரும் நூலகவியல் காலாண்டிதழுக்கு அனுப்பினார். "பெயரையும் ஊரையும் விட்டுவிடலாமா? உங்களுக்கு நல்லது" என்று ஆசிரியர் கேட்டு எழுதியிருந்தார். பெயர் இல்லாவிட்டால் அது கட்டுக்கதையாகிவிடும் என்று பதில் போட்டார். 1967 ஜனவரி இதழில் பெயரோடு வந்தது. அன்று முழுதும் அவர் யாரோடும் பேசவில்லை. சந்தோஷம் வந்தாலும் அவருக்கு அப்படித்தான்.

பத்து நாளில் மேலதிகாரி ராஜவேலு வந்தார். கையில் அதே இதழ். வரிக்கு வரி சிவப்புப் பென்சில் கோடு.

"நல்லாத்தாம்பா எழுதிக்கிறே. செஞ்ச தப்ப இவ்ளோ அழகா எவனும் ஒத்துக்கினது இல்ல."

"ஒரு புஸ்தகம்கூடக் காணாமப் போவல சார்."

"அத்த யாரு கேட்டா? ரூலை மாத்த நீ யாரு?" தட்டச்சு செய்த தாள் ஒன்றை மேஜையில் வைத்தார். "கட்டுரையில் கண்ட முறை என் யோசனை மட்டுமே. நடைமுறையில் இருந்ததில்லை." தாளில் அவ்வளவுதான் இருந்தது. "கையெழுத்துப் போட்டா இதோட போச்சு. இல்லேன்னா சஸ்பென்ஷன். பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிதாமே?"

திருஞானசம்பந்தம் பேனாவை எடுத்தார்.

மறுநாளிலிருந்து பழையபடி பதினான்கு நாள். அடுத்தடுத்த அமாவாசைகளில் கூட்டம் பாதியாகி, அதிலும் பாதியானது.

ஏப்ரல் இதழின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அவர் கையெழுத்துப் போட்ட அந்த விளக்கம் வெளியாகியிருந்தது. கீழே அவர் பெயர். இதழை மறைத்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். வந்த இதழை மறைத்து அவருக்குப் பழக்கமில்லை. முத்திரை குத்தி வாசகர் மேஜையில் போட்டார்.

சித்திரை அமாவாசைக்கு ஒரே ஒருவர்தான் வந்தார். முதன்முதலில் புத்தகம் எடுத்த ஏழு பேரில் ஒருவரான கலியாணசுந்தரம். மேஜையில் இதழைப் புரட்டியவர் கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"இன்னா சார், பேரு அச்சுல வந்துக்கீது, ஒரு வார்த்த சொல்லல? மிட்டாய் வாங்கித் தரணும்னு பயமா?"

சிரித்துக்கொண்டே விரல் வைத்து உரக்கப் படித்தார். இரண்டாவது வரியில் குரல் இறங்கியது. விரல் அங்கேயே நின்றது.

"நடைமுறையில் இருந்ததில்லைன்னு போட்டுக்கீதே சார். நீங்களா எழுதினீங்க?"

திருஞானசம்பந்தம் தேதி முத்திரையின் மையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நாலு வருஷமா நான் வரவே இல்லியா?"

கொண்டுவந்த புத்தகத்தைக் கலியாணசுந்தரம் மேஜையில் வைத்தார்.

"வேற எதனா எடுத்துக்கினு போறீங்களா?" திருஞானசம்பந்தம் தலை நிமிராமல் கேட்டார்.

"வராதவனுக்கு எதுக்கு சார் புஸ்தகம்?"

அவர் போன பிறகு திருஞானசம்பந்தம் பழக்கத்தில் நோட்டைத் திறந்து, அன்றைய தேதிக்கு எதிரே 'ஒருவர்' என்று எழுதினார். பிறகு, அளவுகோலை வைத்து, அதன்மேல் நேர்கோடாக அடித்தார்.