சுவரில் சொன்ன பெயர்

கடல் தாண்டிய பாவத்துக்குப் பட்டாபிராமன் ஒரே காலையில் முடிவு கட்டிவிட்டார். மைசூர் ரயில்வேயில் இஞ்சினியர். ஆறு மாதப் பயிற்சிக்காக லண்டன் போய்விட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் திரும்பியவர், மூக்கைப் பிடித்துக்கொண்டு பஞ்சகவ்யத்தை விழுங்கினார், புதுப் பூணூல் போட்டுக்கொண்டார், ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். கூடப் போய் வந்த மனைவி விசாலாக்ஷியைத்தான் லேசில் விடவில்லை. அவர் போனது உத்தியோகத்துக்கு. இவள் போனது ஊர் பார்க்க!

மகள் மீனாக்ஷிக்குப் பத்து நாளில் கல்யாணம். பிராயச்சித்தம் செய்துகொள்ளாதவள் கையால் தாரை வார்க்கக் கூடாது என்று பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். தகப்பன் மடியில் பெண் உட்கார, தாய் செம்பிலிருந்து நீர் வார்த்துத்தான் பெண்ணைக் கொடுப்பது வழக்கம். இருப்பதோ ஒரே பெண். அந்தச் செம்புக்காக விசாலாக்ஷி எதையும் விழுங்கத் தயாராக இருந்தாள்.

சாமராஜபுரத்து வீட்டுக் கூடம் முழுக்க உறவுப் பெண்கள். பிள்ளையின் தாயார் கமலம்மாள் முன்வரிசையில், சாட்சிக்கு. சாஸ்திரிகள் கறாரானவர். போன இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 'வருந்துகிறேன்' என்று சொல்ல வேண்டும் என்றார்.

முதலில் எகிப்து. கப்பல் கால்வாயைக் கடக்கிற நேரத்தில் காரில் போய்ப் பிரமிடு பார்த்ததையும், மடிசாரோடு ஒட்டகத்தில் ஏறியதையும் சொன்னாள். கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. வருந்துகிறேன் என்றாள். அது பொய்யில்லை, ஒட்டகம் ஏறியதில் இடுப்பு இரண்டு நாள் பிடித்துக்கொண்டது.

அடுத்தது ரோமாபுரி. கொலோசியம் என்கிற பழைய அரங்கத்தின் இடிந்த படிக்கட்டில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன பொரிவிளங்காய் உருண்டையைத் தின்றாளாம். அதற்குக் கூரை உண்டா, எத்தனை பேர் உட்காரலாம் என்று பின்வரிசையில் கேள்வி எழுந்தது. சாஸ்திரிகள் கனைத்தார். வருந்துகிறேன் என்று முணுமுணுத்தாள். இந்தத் தடவை சொல்லும்போது மனசு குத்தியது.

பிறகு லண்டன், செயின்ட் பால்ஸ் தேவாலயம். சாமுண்டி மலையின் ஆயிரம் படி ஏறினவளுக்கு அங்கே இருநூற்றைம்பத்தேழு படி ஒரு பொருட்டில்லை. மேலே வட்டமான ஒரு மாடம். சுவரோரம் வாயை வைத்து ரகசியம் சொன்னால், எதிர்ப்பக்கச் சுவரில் காதை வைத்திருப்பவருக்குக் கேட்கும். பட்டாபிராமன் எதிர்ச்சுவருக்குப் போய் நின்றார். ஐந்து மாதமாகப் பார்க்காத பெண்ணின் பெயரை அவள் சுவரில் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கமலம்மாள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வருந்துகிறேன்னு சொல்லும்மா" என்றார் சாஸ்திரிகள்.

அவளுக்கு வருத்தம் வரவில்லை. வந்தது கோபம்தான். பெண்ணை நினைத்து உருகிய இடத்துக்கா வருந்துவது?

"மாட்டேன். முன்னே ரெண்டு தடவை சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கறேன்."

சாஸ்திரிகள் தர்ப்பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். ஒரு வார்த்தைதானே என்று பட்டாபிராமன் அன்று முழுக்கக் கெஞ்சினார்.

"அன்னிக்கு அழுதேளே, அதுக்கு வருத்தப்படறேளா?" என்று கேட்டாள். அவர் எழுந்து தன் அண்ணாவைத் தேடிப் போனார்.

கல்யாணத்தன்று பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்ப்பதாக ஏற்பாடு. விசாலாக்ஷி பட்டுப் புடவை கட்டி, வெள்ளிச் செம்பில் தன் கையாலேயே நீர் நிரப்பி எடுத்துக்கொண்டு மணைக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள். நகரச் சொன்னார்கள், நகரவில்லை. மீனாக்ஷி அம்மாவைப் பார்த்தாள். பெரியப்பா மடியில் உட்காராமல் அவளும் அப்படியே நின்றாள். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. ஆளாளுக்கு வாட்சைப் பார்த்தார்கள்.

கமலம்மாள்தான் எழுந்தாள். "நேரம் போயிண்டிருக்கு. பெத்தவளே வார்க்கட்டும். அந்தச் சுவர் சமாசாரத்தைக் கேட்டதிலேர்ந்து எனக்கே தூக்கமில்லை."

பெரியப்பா எழுந்துகொள்ள, பட்டாபிராமன் ஓடிவந்து மணையில் உட்கார்ந்தார். மீனாக்ஷி அப்பா மடியில் உட்கார்ந்தாள். விசாலாக்ஷி செம்பைச் சாய்த்தாள். நீர் முழுக்க விழுந்ததும், நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே குனிந்து மகள் காதில் சொன்னாள்:

"உன் பேரை அங்கே சொல்லி வெச்சிருக்கேன். ஒரு நாள் படியேறிப் போய் நீயே கேளு."