வெள்ளிக்கிழமைச் சூடு

தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் இறைச்சி வாசம்கூடப் படலை தாண்டி உள்ளே வரக்கூடாது. குருநகர் அருட்பிரகாசம் வீட்டில் அதுதான் சட்டம். அப்படிப்பட்ட ஒரு நாளில், மகனோடு கடலுக்குப் புறப்பட்டவரிடம் மருமகள் ஜெசிதா ஒரு சாப்பாட்டுப் பையை நீட்டினாள். உள்ளே இருப்பது மாட்டிறைச்சிக் குழம்பு என்று தெரிந்ததும் மனுசன் கோபத்தில் துள்ளிக் குதித்தார்.

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன் றொகான் தந்த பை அது. மலையேறுகிறவர்களின் சாப்பாடாம்.

"அடுப்பு வேண்டாம் மாமா. அடியிலை ஒரு தூள் கிடக்கு. தண்ணி பட்டால் தானாச் சூடேறும். கடல் தண்ணியே போதும். இவருக்கு இப்பதானே காய்ச்சல் விட்டது."

"தண்ணி ஊத்தினால் அடுப்பு நூரும் பிள்ளை, எரியாது. உதைக் கொண்டுபோய் உள்ளுக்கை வை," என்று நக்கலடித்துவிட்டு வள்ளத்தைத் தள்ளினார்.

பருவம் தப்பிய மழை அவர்களைக் கடலில் வைத்துப் பிடித்தது. போதாததற்கு வலையும் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. மகன் ஜெயசுதன் கத்தியோடு குதித்தான். வலையை அறுத்து முடிக்க வெகுநேரம் பிடித்தது. மேலே ஏறியவனுக்குப் பற்கள் கிடுகிடுத்தன. பிறகு நடுக்கம் நின்றது, கூப்பிட்டால் பதிலும் இல்லை.

போர்த்த ஏதாவது கிடைக்குமா என்று அருட்பிரகாசம் மூடிக்கிடந்த வாளியைத் திறந்தார். காய்ந்த துவாயொன்று இருந்தது. அதற்குள் சுற்றியபடி அந்தப் பை! கள்ளி, ஒளித்து வைத்திருக்கிறாள்.

கடல் தண்ணீரை அள்ளி அடியில் ஊற்றினார். பை சீறியது, ஊதியது, ஆவி விட்டது. பதறிப்போய் அதைத் துவாயால் சுற்றி மகனின் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். "மாதாவே, என்ரை பிள்ளையைத் தா" என்று வாய்விட்டுக் கத்தினார். நெருப்பில்லாத அந்தச் சூடு அவருடைய கைகளுக்கும் ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக மகனுக்கு மறுபடி நடுக்கம் எடுத்தது. உயிர் திரும்பிய அந்த நடுக்கத்தைக் கண்டு அவர் அழுதேவிட்டார்.

பையைப் பிரித்ததும் குழம்பு மணத்தது. ஜெயசுதன் முகத்தைத் திருப்பினான்.

"இண்டைக்கு வெள்ளியெல்லோ, அப்பா."

அருட்பிரகாசம் பைக்குள் இருந்த கரண்டியை எடுத்து ஒருகணம் பார்த்தார். மகனின் நீலம் பாரித்த உதட்டையும் பார்த்தார்.

"வாயைத் திற," என்றார்.

வள்ளம் கரை தட்டியபோது ஜெசிதா மழையில் நனைந்தபடி நின்றாள். புருசன் தன் காலாலேயே இறங்குவதைக் கண்டபிறகுதான் அவளுக்கு மாமனாரின் நினைவு வந்தது.

"கோவிக்காதேங்கோ மாமா, நான்தான் ஒளிச்சு வைச்சனான். இவர் இறைச்சியைச் சாப்பிட்டிட்டாரோ?"

அருட்பிரகாசம் அவளுடைய இரு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"நான்தான் என்ரை கையாலை தீத்தினனான், பிள்ளை," என்றார். "நீ இல்லாட்டி இண்டைக்கு எனக்கு மகன் இல்லை."