யாருடைய அனுபோகம்

ஆண்டியப்பன் நிலைப்படியில் உட்கார்ந்து இடது காலை மூக்காயியின் மடியில் தூக்கி வைத்தான். குதிகாலில் கருவேல முள். ஊக்கால் கிளறிப் பாதியை எடுத்தாள். மீதி ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. "விடு, சாயங்காலம் பாத்துக்குவம். வரப்பு வெட்டணும்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நொண்டியபடியே போனான். வெயில் ஏறுவதற்குள் அவன் தம்பி மலையாண்டி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். வரப்பு வளையில் பாம்பு. வைத்தியர் வீட்டை எட்டுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

பிள்ளை இல்லை. அண்ணனும் தம்பியும் அதற்கு முன்பே பாகம் பிரித்திருந்தார்கள். ஆண்டியப்பன் பங்குக்கு வந்தது குடுமியான்மலைக்குத் தெற்கே ஒரு வயல். அப்போதைய சட்டப்படி மூக்காயி உயிரோடு இருக்கும்வரை அதில் விளைவதைச் சாப்பிடலாம். பிறருக்கு எழுதி வைக்க முடியாது. அவளுக்குப் பின் மலையாண்டிக்குப் போகும். அதைப்பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. சித்திரையில் வருஷத்தின் முதல் உழவாக நல்லேர் பூட்டுகிற நாளில் தாலியறுத்தவள் காளைக்கு எதிரே வரக்கூடாது என்பது ஊர் வழக்கம். அன்றைக்கு மட்டும் மூக்காயி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். மலையாண்டி தன் வயலுக்குப் போகுமுன் அண்ணன் வயலில் ஏர் பிடிப்பான். முதல் வருஷம் அந்த வரப்புப் பக்கம் வந்ததும் ஏரை நிறுத்திவிட்டு அழுதானாம். உழவுக்கென்று அவள் கொடுக்கவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை.

ஐம்பத்தாறில் டெல்லியில் புதுச் சட்டம் வந்தது. விதவையின் அனுபோகத்தில் இருக்கும் சொத்து இனி முழுதும் அவளுக்கே சொந்தம் என்றார்கள். மூக்காயிக்கு இறந்துபோன தங்கையின் மகள் ஒருத்தி உண்டு, செல்லாயி என்று. அவளுக்கு வயலை எழுதி வைக்கப் போவதாகச் சொன்ன அன்றுதான் மலையாண்டி முதன்முறையாக அவள் வாசலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"எங்கண்ணன் செத்த மண்ணு மதினி. அத வேத்தாளுக்கு எழுதுவீங்களா?"

"நாந் தூக்கி வளத்த புள்ளப்பா அவ. வேத்தாளா?"

"அப்ப நாங்க ஆரு?"

அண்ணன் இறந்த கையோடு மதினி வயலைத் தன்னிடம் விட்டுவிட்டாள் என்று வழக்குப் போட்டான். தீர்ப்பு வரும்வரை இருவருமே அதில் இறங்கக் கூடாதென்று கோர்ட்டில் உத்தரவாயிற்று.

மூக்காயியின் வக்கீல் ரெங்கசாமி அவளுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார். சட்டம் வந்த அன்றைக்கு நிலம் அவள் அனுபோகத்தில் இருந்ததா, அதற்கு முன்பே விட்டுக்கொடுத்துவிட்டாளா என்பதுதான் கேள்வி. ஊர் ஊராகக் கோர்ட்டுகளில் இதே வாதம்தான் நடக்கிறதாம். "கொழுந்தனுக்குக் கூலி குடுத்துத்தான் ஏர் விட்டேன்னு சொல்லுங்கம்மா. நெலம் உங்க கையிலதான் இருந்ததுன்னு ஆயிடும். அந்த ஒரு வார்த்தைதான் வேணும்" என்றார்.

புதுக்கோட்டையில் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையிலும் இதே பேச்சாகத்தான் இருந்தது. "இனிமே நீ செத்தாத்தாண்டா மாப்ள ஒம் பொண்டாட்டி பணக்காரி" என்றான் ஒருவன். "எங்கிட்ட இருக்கறது ஒரு நொண்டி மாடு. அதுக்காவ என்னயக் கொல்லுவாளா?" என்றான் மற்றவன். மூக்காயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கூண்டில் ஏறியதும் எதிர்க்கட்சி வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. நல்லேர் யார் பூட்டியது என்று கேட்டார். கொழுந்தன் என்றாள். கூலிக்கா என்றார். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. எதிரே மலையாண்டி துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

"கூலியில்லீங்க. அவுக அண்ணனுக்காவ உழுதது."

"அப்ப நீங்க எங்கம்மா நின்னீங்க?"

"வீட்டுக்குள்ள."

"ஏன்?"

"தாலியறுத்தவ வேற எங்கங்க நிக்கிறது?"

ஜட்ஜ் எழுதிக்கொண்டார். ரெங்கசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊருக்கு ஒரே பஸ். ஸ்டாண்டில் மலையாண்டி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"கூலின்னிருந்தா செயிச்சிருப்பீங்க மதினி."

"நீ வாங்கலயேப்பா."

அவன் முன்படி வழியாக ஏறினான், அவள் பின்படி வழியாக.

அதற்குப் பிறகு அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கோழிக்குத் தவிடு பிசையும்போது "கூலிக்குத்தாங்க" என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பாள். சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது. தான் கதவடைத்துக் கிடந்த நாட்களெல்லாம் நிலத்தை விட்டுக்கொடுத்த கணக்கில் சேருமா என்று யோசிப்பாள். யோசித்துக்கொண்டே பெருக்கிய வாசலையே மறுபடியும் பெருக்குவாள். செல்லாயி வந்து கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தீர்ப்பு கோடை விடுமுறைக்குப் பின் என்றார்கள். பிறகு ஜட்ஜ் மாற்றலாகிவிட்டார் என்றார்கள்.

ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்ததாகக் கேள்விப்பட்டு, நிற்கமாட்டாமல் வயல் பக்கம் போனாள். உழாத வயலில் இடுப்பளவு கோரை. அங்கிட்டு, பள்ளத்து வயலில் மலையாண்டி நாற்றுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து நிமிர்ந்தான், பிறகு குனிந்து அடுத்த கட்டைப் பிரித்தான். அவள் உள்ளே இறங்காமல் வரப்பிலேயே நின்றாள். கண்மாய்த் தண்ணீர் எல்லா வருஷமும் போல ஆண்டியப்பன் வயலின் மேட்டு மூலையில் நுழைந்து, கோரைக்கு நடுவே பரவி, அடுத்த மூலை வழியாக மலையாண்டி வயலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.