நீலச் சட்டைப் படம்

"அந்தப் போட்டோல நான் எப்படி இருக்கேன், சொல்லு."

"மாப்பிள்ளையாட்டம் இருக்கீங்க. அதுதான் வம்பாப் போச்சு."

"நான் போயிட்டா பிளெக்ஸ்ல அதையே போடு மாதேவி. அதுக்குக் கீழ..."

மாதேவி அவர் வாயைப் பொத்தினாள். "கையில ஊசி இருக்குது, அசையாம படுங்க. பேசற பேச்சா இது?"

டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தபடியே, கணவர் மல்லப்பன் மீதியை அவள் விரல்களுக்குள் சொல்லி முடித்தார். அவள் காதில் விழாதது போல இருந்துவிட்டாள்.

இப்போது அவர் மைசூரு விஜயநகர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். மாதேவி மேலே கிடந்த மாலையை நேராக்கிக்கொண்டிருந்தாள். மகன் தருண்குமார் போனோடு வந்தான். மண்டி மொஹல்லா பிளெக்ஸ் கடையில் படமும் வாசகமும் கேட்டார்களாம்.

"கேக்கறவங்ககிட்ட ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லிரு அம்மிணி," என்றார் கொள்ளேகாலிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் கணேசன். "கிட்னின்னா பரம்பரை வியாதிம்பாங்க. தருணுக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பாங்கல்ல? அந்த நீலச் சட்டைப் படமும் வேண்டாம். ஊரே பாத்த மூஞ்சி அது."

ஊரே பார்த்ததுதான். ஒரு மூலிகைப் பொடிக் கம்பெனி, ஆராய்ச்சி என்று சொல்லிப் படம் பிடித்து, மல்லப்பனுக்குப் பொடி கொடுத்தது. குமட்டல் தாங்காமல் அவர் சீக்கிரமே நிறுத்திவிட்டார். ஆராய்ச்சி முடிவிலோ அவருக்குப் பூரண குணம். செய்தித்தாள் ஒன்று அதை அந்தப் படத்தோடு அப்படியே போட்டது: 'டயாலிசிஸை உதறிய மைசூரு டிரைவர்.' அந்தப் பேப்பர் வந்த காலையில் அவர் டயாலிசிஸுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்.

நேரே பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையைக் காட்டினார். "ஆராய்ச்சியில இருந்ததத்தான் போட்டோம்" என்று அனுப்பிவிட்டார்கள். திருத்தம் வரவேயில்லை. பொடி எங்கே கிடைக்கும் என்று போன்கள் வந்தன. ஹெப்பாளில் கம்பெனி பஸ் ஓட்டிய மனுஷன், மூச்சு வாங்கும்போதும் ஒவ்வொருவருக்கும் சொன்னார்: "அது பொய்யுங்க. நான் டயாலிசிஸ்ல படுத்துக்கிட்டுத்தான் பேசறேன்." போனை அவர் காதில் பிடித்திருந்த மாதேவிக்குக் கை வலிக்கும். ஆனாலும் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள்.

படத்தில் அவர் சிரித்தது பொடிக்காக அல்ல. சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருக்கிறார் என்று காமிராக்காரனுக்குப் பின்னால் நின்று அவள் ஜாடை காட்டியதற்குத்தான்.

"அம்மா," என்றான் தருண். "அப்பா போயிட்டாருன்னு நம்மூர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன்ல? பொய் நியூஸ் போடாதேன்னு ஹனூர்லருந்து ஒருத்தங்க திட்டறாங்க. அந்தப் பேப்பர் கட்டிங்கையே அனுப்பியிருக்காங்க."

சொல்லும்போதே போன் அடித்தது. மாதேவி வாங்கிக்கொண்டாள்.

"ஹனூர் பொன்னம்மாங்க. உங்க வீட்டுக்காரருக்குக் கொணமாயிருச்சில்லீங்க? எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ விட்டுப்போட்டு, அந்தப் பொடியத்தானுங்க குடுக்கறோம்..."

மாதேவி பெட்டியைப் பார்த்தாள்.

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. எங்க வீட்டுக்காரரு என் முன்னால கெடக்கறாரு. கிட்னிதான். பொடியத் தூக்கிக் குப்பையில போடுங்க."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பையன் கல்யாணத்தை நெனச்சுப் பாத்தியா?" கணேசன் பல்லைக் கடித்தார்.

"அப்பா பேரைச் சொல்லித்தான் மாமா பொண்ணு கேப்பேன்," என்றான் தருண். "நீங்க சும்மா இருங்க. நீ சொல்லும்மா, கீழ என்ன எழுதறது?"

மாதேவி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். அவள் விரல்களுக்குள்ளேயே இருந்ததை வாசல்வரை கேட்கும்படி சொன்னாள்.

"அந்த நீலச் சட்டைப் படமே இருக்கட்டும். கீழ கன்னடத்துலயும் தமிழ்லயும் பெருசா எழுதச் சொல்லு. 'எனக்குக் குணமாகவில்லை. யாரும் டயாலிசிஸை நிறுத்தாதீங்க. இப்படிக்கு, மல்லப்பன்.'"